வகுபடாத வீடு

வீட்டை இரண்டாகப் பிரிக்கக் கட்டிய குறுக்குச் சுவர், மூன்றாம் முறையாகவும் விடிவதற்குள் வெளியேறிப் போய், தெருமுனைத் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பூச்சுகூட உதிரவில்லை. பால்காரர் சைக்கிளை அதன்மேல் சாய்த்துவிட்டு, "இந்தத் தடவை கொஞ்சம் நேரா நிக்குது" என்றார்.

அந்த வீட்டைக் கட்டியவர் ஒரு கொத்தனார். அவர் போனபின் மகன்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. மூத்தவன் எலக்ட்ரீஷியன், வெளியூர் வேலைக்குப் போயிருந்ததால் அப்பாவின் கடைசி மூச்சுக்கு வந்துசேரவில்லை. பஸ் ஓட்டும் இளையவனுக்கு அது ஆறவே இல்லை. ஆளுக்குப் பாதி என்று முடிவானது. அம்மா ஒரே அடுப்பில் சமைத்து, ஒருவன் சாப்பிட்டு எழுந்தபின் மற்றவனைக் கூப்பிட்டாள்.

மூத்தவனின் மனைவி கணக்கு டீச்சர். மூன்றாம் சுவரும் போனபின் மாமியாரிடம் கேட்டாள்: "அத்தை, இந்த வீட்டுல மொத்தம் எத்தனை செங்கல்?"

"ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூத்து இருபத்தொம்பது. வாய்விட்டு எண்ணிக்கிட்டேதான் வைப்பாரு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

டீச்சர் சாக்கட்டியோடு தரையில் உட்கார்ந்து இரண்டால், மூன்றால், ஏழால் என்று வகுத்துக்கொண்டே போனாள். முந்நூற்று இருபத்துமூன்று வரை பார்த்தால் போதும். அதற்கு அடுத்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் செங்கற்களை மிஞ்சிவிடும். எதால் வகுத்தாலும் மீதி விழுந்தது.

"பகா எண். ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதுலயும் வகுபடாது. பாவம், வீடு என்ன பண்ணும்?" என்றாள்.

"ஒரு கல்லை எடுத்துட்டா?" என்று இளையவன் கதவைப் பார்த்துக் கேட்டான்.

"இரட்டைப்படை ஆயிடும். பாதியாப் பிரியும்."

மூத்தவன் உளியால் கூடத்துச் சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்தான். வீடு பெருமூச்சு விட்டது. கூரையிலிருந்து தரைவரை கோடு விழுந்து, இரண்டு பாதிகளும் மெல்ல விலகத் தொடங்கின. கூடத்தின் நடுவே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் ஒரு கால் அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாகப் போயின. அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் எந்தப் பக்கம்டா உக்காரணும்? சீக்கிரம் சொல்லுங்க, இடுப்பு வலிக்குது."

இளையவன் இடைவெளியைத் தாண்டிக் குதித்தான். "அண்ணா, கல்லைக் கொடு." மாதக்கணக்கில் அவன் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மூத்தவன் கல்லை நீட்டினான். "அன்னிக்கு பஸ் கிடைக்கலடா. பாதி தூரம் நடந்தே வந்தேன்."

"தெரியும்ணா. முதல்ல இதைப் பிடி."

இருவரும் சேர்ந்து கல்லை அழுத்தி வைத்தார்கள். பிளவு மூடிக்கொண்டது.

அப்புறம் இளையவனுக்குக் கல்யாணம் ஆனது. மூத்தவனுக்கு மகள் பிறந்து, நடந்து, ஜன்னல் எட்டவில்லை என்று அழும் வயதுக்கு வந்தாள். ஜன்னலடியில் படி கட்டலாம் என்றான் இளையவன். வீடு ஏற்குமா என்று அம்மா கவலைப்பட்டாள். டீச்சர் மறுபடி தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். "சரியா பதினாலு கல். அடுத்த பகா எண் அங்கதான் இருக்கு."

மறுநாள் காலை படி கட்டிய இடத்திலேயே இருந்தது. குழந்தை அதில் ஏறி நின்று, பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போன சித்தப்பாவுக்குக் கை காட்டினாள்.