வெள்ளிக்கிழமை மனிதர்கள்

நனைத்த பஞ்சை சுஹைலா உதட்டில் ஒற்றியபோது, முந்தின நாளிலிருந்து மூடியே கிடந்த அம்மாவின் கண்கள் திறந்தன. அவை சுற்றும் முற்றும் தேடவில்லை. நேராக சுஹைலாவின் முகத்துக்கு வந்து நின்றன.

"ஈல்தா," என்றாள் அம்மா. குரல் தெளிவாக இருந்தது. கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது அதில். "நீ இன்னும் இங்கயேவா உக்காந்திருக்க?"

சுஹைலா பஞ்சைக் கையில் பிடித்தபடி இருந்தாள். "யம்மா, நான்தான். சுஹைலா."

அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

சித்தி முறையில் காலா என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு ஹூரியா அப்போதுதான் சூப் கிண்ணத்தோடு உள்ளே வந்திருந்தாள். அந்த சூப்பை இனி யாரும் குடிக்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் காலா தினமும் கொண்டுவந்தாள்.

"யாரு அது ஈல்தா? உங்க சொந்தத்துல அப்படி யாரும் இல்லையே. ஜின்னு பேரு மாதிரில்ல இருக்கு."

"ஜின்னு இல்ல காலா. புத்தகத்துல வர்ற ஆளு."

"எந்தப் புத்தகம்?"

"பாதிஸோட புத்தகம்."

"இந்த நேரத்துல அதையா நினைப்பாங்க? நீ யாசீன் வை மகளே."

சுஹைலா போனில் குர்ஆனின் யாசீன் ஓதலை வைத்தாள். காலா தலைமாட்டில் உட்கார்ந்து கூடவே முணுமுணுத்தாள்.

தம்பி பாதிஸ் மொன்ரியாலுக்குப் போனபோது அலமாரியில் ஆறு தடிப் புத்தகங்களை விட்டுப் போனான். பிரெஞ்சில் இருந்தன. அட்டையில் கடலுக்கு மேலே பறக்கும் டிராகன்கள். தபால் அலுவலகத்தில் ஆயுசு முழுக்க முத்திரை குத்தி ஓய்வு பெற்ற அம்மா, என் பிள்ளை இளமையை எதிலே தொலைத்தான் என்று பார்க்கிறேன் என்று சொல்லித்தான் முதல் புத்தகத்தை எடுத்தாள். அந்த ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தில்கூட அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. கண்ணில் புரை வந்த பிறகு பாதிஸ் அதையே ஒலிப்புத்தகமாக அனுப்பினான். ஒரு காதில் வெள்ளைக் குமிழை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து, எதிர்க் கட்டிடத்தில் காயும் துணிகளைப் பார்த்தபடி, அவள் தனியாகச் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் கூஸ்கூஸ் சாப்பிட்டு முடிந்ததும் பாதிஸ் கூப்பிடுவான். உடம்பு எப்படி, பனி கொட்டுகிறதா என்பதெல்லாம் இரண்டே நிமிடம். அப்புறம் அந்தக் கதையைப் பற்றி அம்மாவின் சண்டை தொடங்கிவிடும். "தோரெக்கப் பத்தி எங்கிட்ட பேசாத. திருடன்தான், பொய்யன்தான். அவன் ஒருத்தன்தான் அந்த ஆறு புத்தகத்துலயும் உயிரோட இருக்கான்." சமையலறையில் பாத்திரம் துலக்கியபடி சுஹைலா கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மாவின் அந்தக் குரல் அவளுக்கு வாய்த்ததே இல்லை. அவளிடம் அம்மா பேசுவதெல்லாம் மாத்திரை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் வருகிற நாள்.

ஒருமுறை ஈரக் கையோடு வந்து நின்று, "யாரைப் பத்திம்மா இவ்ளோ சண்டை?" என்று கேட்டாள்.

"உனக்குப் புரியாது. முதல்லேர்ந்து படிச்சாத்தான் புரியும்," என்றாள் அம்மா. திட்டிச் சொல்லவில்லை. சுஹைலா ஒரு இரவு முதல் புத்தகத்தைத் திறந்தாள். ராஜாக்களின் வம்சாவளியே நாலு பக்கம். நகராட்சியில் நாள் முழுக்கப் பிறப்புப் பதிவு எழுதிவிட்டு வந்தவளுக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை.

முற்பகலில், யாசீன் மூன்றாம் முறையாக ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் மூச்சு ஒரு தடவை நீளமாக இழுத்தது. அடுத்தது வரவில்லை. காலா கலிமாவைச் சொல்லி, முகவாயைத் துணியால் கட்டினாள். சுஹைலா செய்ய ஒன்றும் இல்லாமல் சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தாள்.

மொன்ரியாலில் இன்னும் விடிந்திருக்கவில்லை. நாலாவது அழைப்பில்தான் பாதிஸ் எடுத்தான். அவள் பேர் சொல்வதற்குள்ளேயே அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"இன்னிக்கு அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுத்துடுவாங்க," என்றாள்.

"நான் வர்ற வரைக்கும் வெக்க முடியாதாக்கா?"

"முடியாதுடா."

குளிப்பாட்டும் பெண்மணி வந்தாள். சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துக்கொண்டு, அலட்டாமல் வேலை செய்கிற, பெரிய உடம்புக்காரி. சுஹைலா தண்ணீர் ஊற்றினாள். முடியை ஒதுக்கியபோது அந்தப் பெண் எதையோ எடுத்து நீட்டினாள்.

"இது என்ன மகளே, செவிட்டு மிஷினா?"

வெள்ளைக் குமிழ். இரண்டு நாளாகக் காதிலேயே இருந்திருக்கிறது. சுஹைலா அதை வாங்கி உடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் திருப்பினார்கள். படுக்கைப் புண்ணைப் பார்த்து அந்தப் பெண், "நல்லாப் பாத்துக்கிட்டிருக்க. இதைவிட மோசமா எத்தனையோ பாத்திருக்கேன்," என்றாள். கஃபன் துணியில் அம்மா சின்னப் பெண் அளவுக்கு ஆகிவிட்டாள்.

ஆண்கள் வந்து ஜனாஸாவைத் தூக்கினார்கள். படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. சுஹைலா மேல்படியில் நின்று பார்த்தாள். தெருவில் கலிமா சத்தம் தேய்ந்து மறைந்ததும் உள்ளே பெண்கள் காபி ஊற்றத் தொடங்கினார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் அவள் கன்னத்தில் முத்தமிட்டு ஒன்றையே சொன்னார்கள். "உன்னை மாதிரி ஒரு பொண்ணு கிடைக்க உங்கம்மா குடுத்து வெச்சிருக்கணும்." "கல்யாணமே வேணாம்னு இருந்து பாத்துக்கிட்டியே." "அவங்க உன்னை எவ்ளோ வாழ்த்தியிருப்பாங்க." சுஹைலா தலையாட்டினாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டிருந்தது. நீ இன்னும் இங்கயேவா உக்காந்திருக்க? அது அன்பா, அலுப்பா? அம்மா தன்னை எந்தப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்? இந்த வீடு நிறைந்த கூட்டத்தில் அதைக் கேட்க ஒருவர்கூட இல்லை.

பாதிஸ் மறுநாள் மாலை வந்தான். அல்ஜியர்ஸிலிருந்து கடைசி விமானம். விமான நிலையத்திலிருந்து நேராகக் கபுருக்குப் போய்விட்டு, செருப்பில் மண்ணோடு வாசலில் நின்றான். முன்தலையில் முடி போயிருந்தது. இருவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். வந்த பெண்கள் எல்லாரும் போன பிறகு சமையலறையில் அவனுக்குச் சாப்பாடு வைத்தாள்.

"ஈல்தா யாரு?"

ரொட்டியைப் பிய்த்த கை நின்றது. "உனக்கு எப்படித் தெரியும் அவள?"

"யம்மா என்னை அப்படிக் கூப்பிட்டாங்க. கடைசியா பேசினது அதுதான்."

பாதிஸ் கையிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்தான்.

"இளவரசி. மூத்தவ. நகரத்துக்குள்ள கடல் ஏறும்போது எல்லாரும் கப்பல் ஏறிப் போயிடுவாங்க. இவ மட்டும், படுத்த படுக்கையா கிடக்கிற ராணியோட, கோபுரத்துலயே தங்கிடுவா. நாலு புத்தகம் முழுக்க அங்கதான் இருப்பா. அந்தக் கதையப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு அவதான் உயிரு. எனக்கும் அவளத்தான் ரொம்பப் பிடிக்கும்."

"யம்மாவுக்கு?"

"பிடிக்கும்."

சட்டென்று சொல்லிவிட்டான். அம்மாவோடு அத்தனை வருஷம் சண்டை போட்ட ஒருவன் இவ்வளவு சுருக்கமாக எதையும் சொல்லமாட்டான்.

"பாதிஸ்."

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"சுத்தமாப் பிடிக்காதுக்கா. அவ பேரு வந்தாலே திட்டுதான். 'கதவு என்ன பூட்டியா இருக்கு? யாரு அவள அங்க உக்காரச் சொன்னா? அந்தக் கெழட்டு ராணிக்கு வாய் இல்லையா, எழுந்து போடின்னு சொல்ல?' நான் விடமாட்டேன். எவ்ளோ பெரிய தியாகம் பண்றான்னு சொல்லுவேன். ஒருநாள் பட்டுன்னு கேட்டுட்டாங்க. 'உனக்கு அவளப் பிடிக்காம எப்படி இருக்கும்? அவ உக்காந்திருந்தாத்தானே மத்தவங்க கப்பல் ஏற முடியும்'னு. அதுக்கப்புறம் கொஞ்ச வாரம் நான் போனே பண்ணல."

சுஹைலாவுக்கு அந்த வாரங்கள் நினைவிருந்தன. பையனுக்கு வேலை அதிகம் என்று அம்மா சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுஹைலா எழுந்து குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

"அந்த ராணிக்குப் பீத்துணி மாத்தினது யாருன்னு கதையில இருக்கா?"

"இல்ல."

"இருக்காது."

தண்ணீர் ஓடியது. பாதிஸ் மெதுவாகச் சொன்னான். "செதிஃப் ஊர்லேர்ந்து அந்தப் பல் டாக்டர் உன்னைக் கேட்டு வந்தப்ப, போன்னு சொன்னாங்களாம். நீ கேக்கலயாம். அதை நிறைய தடவை எங்கிட்ட சொல்லியிருக்காங்க."

"சொன்னாங்க. உன்னையும்தான் போன்னு சொன்னாங்க. நீ போன. அப்புறம் ஒரு வாரம் வாயில ஒண்ணும் வெக்கல, சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாங்க. நீ அதைப் பாக்கல. நான் பாத்தேன். அப்புறம் எங்கிட்ட போன்னு சொன்னா நான் எதைன்னு நம்புறது?"

 பாதிஸ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதான். சுஹைலா குழாயை மூடினாள். அவன் தலையில் கை வைத்தாள். கை ஈரமாக இருந்தது. எடுக்கவில்லை.

"கடைசியில அவ என்ன ஆனா?" என்று கேட்டாள்.

"தெரியாது. கடைசிப் புத்தகம் இன்னும் வரல. எழுதறவரு வருஷக்கணக்கா இழுக்கறாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "யம்மா ஒண்ணு சொல்லுவாங்க. 'ராணி செத்தாலும் அந்தப் பொண்ணு அங்கேர்ந்து எழுந்திரிக்க மாட்டா, பாரு. பழகிடுச்சு அவளுக்கு'ன்னு."

அவள் கையை எடுத்தாள். "சாப்பிடு. ஆறிப்போச்சு," என்றாள்.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து, அண்டை வீட்டுப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, நாலாம் நாள் மதியம் பாதிஸ் கிளம்பினான். டாக்ஸியில் அவளும் கூட வந்தாள். விமான நிலைய வாசலில், "அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கா. பனியெல்லாம் பாக்கலாம்," என்றான். "பாக்கலாம்," என்றாள். எந்தப் பக்கமும் சாயாத குரல். அவன் கண்ணாடிக் கதவுக்குள் போய், ஒருமுறை திரும்பிக் கையசைத்தான்.

டாக்ஸி திரும்பி ஊருக்குள் நுழைந்தபோது, நடு வீதியின் ஆலமரங்களுக்கு அருகில் நிறுத்தச் சொன்னாள். அந்த மரங்களின் கீழேதான் ஊரின் ஐஸ்கிரீம் கடைகள் எல்லாம். அலுவலகத்துக்குப் போக வர அவள் அந்த வழியாகத்தான் நடப்பாள். உட்கார்ந்ததில்லை. அலுவலகம் முடியும் வரைதான் காலா அம்மாவைப் பார்த்துக்கொள்வாள்.

நடுவில் ஒரு மேசை காலியாக இருந்தது. உட்கார்ந்தாள். பணியாள் வந்து மேசையைத் துடைத்தான்.

"எத்தனை பேரு மதாம்?"

"நான் மட்டும்தான். எலுமிச்சை ஐஸ் ஒண்ணு."

சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தது. சிட்டுக்குருவிகள் ஆயிரக்கணக்கில் மரங்களுக்குள் வந்து விழுந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கத்தின. பேசுகிறவர்கள் எல்லாரும் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. ஐஸ் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தது. முதல் கரண்டியில் பல் கூசியது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். பிந்தி வந்த ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார இடம் தேடினாள். பிறகு சுஹைலாவிடம் வந்து எதிர் நாற்காலியின் முதுகில் கை வைத்தாள்.

"யாராச்சும் வராங்களாக்கா?"

"இல்ல," என்றாள் சுஹைலா. "எடுத்துக்குங்க."

அந்தப் பெண் நாற்காலியைக் கல் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போனாள். சுஹைலா கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். தெருவிளக்குகள் எரிந்தன. மரங்களில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஒரு கட்டத்தில் நின்றே போனது.