மரியசெல்வம் போட்ட ஒரே கோல்

1

யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத என் குணத்தால் பிறந்த கதை இது. 1936-ல் மயிலாப்பூர்ச் சங்கமொன்றின் காரியதரிசி, வக்கீல் பத்ரிநாராயணன், ஓய்வுபெறும் கால்பந்து வீரர் மரியசெல்வத்துக்கு உபசாரப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார். (சபையில் வாசித்து, கண்ணாடி போட்டுக் கொடுக்கும் புகழ்ச்சி. வாங்குகிறவர் வீட்டில் அதை மாட்டச் சுவர் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.)

“சாந்தோம் கடற்கரையில் உதித்த சூரியனே...”

இந்த வரியை அடித்துவிட்டேன். அவர் பேக் ஆட்டக்காரர். மறிப்பதுதான் அவர் வேலை, உதிப்பது அல்ல.

2

“மொத்தம் எத்தனை கோல் போட்டிருக்கீர்?” என்றார் காரியதரிசி.

“பேக்குங்க சார் நான். வர்ற பந்தைத் தடுக்கறதோட சரி.”

“பதினாலு வருஷத்துல ஒண்ணு கூடவா இல்லே? நன்னாருக்காதே ஓய்!”

“ஒண்ணு கீது சார்.” மரியசெல்வத்தின் குரல் இறங்கியது. “நம்ம கோலுக்குள்ளயே.”

காரியதரிசி வேடிக்கைப் பேச்சென்று சிரித்தார். “ஒப்பற்ற ஒரு கோல்னு எழுதும்!” என்றார் என்னிடம். எழுதினேன்.

3

மரியசெல்வம் சிரிக்கவில்லை; நடந்ததைச் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன் மழைச் சேற்றில் நடந்த இறுதி ஆட்டம் அது. பந்து அவர் காலில் பட்டுத்தான் உள்ளே போயிற்று. ஊர் பார்த்ததோ கோல்கீப்பர் கங்காதரன் வழுக்கி விழுந்ததை மட்டும். பழி கங்காதரன்மேல் விழுந்தது. ஆட்டத்துக்காகக் கம்பெனி கொடுத்திருந்த வேலையும் போய், இப்போது ஊரூர்க் குப்பத்தில் மீன்வலை இழுக்கிறார். அதுவரை மரியசெல்வம் இதைப் பாதிரியாரிடம் மட்டும் சொல்லியிருந்தார். மன்னிப்புக் கிடைத்தது, ஆனால் தூக்கம்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

“விழாவுல எல்லார் முன்னாலயும் சொல்லிடப் போறேன்” என்றார்.

காரியதரிசி பதறினார். “அச்சாயிடுத்து ஓய்! ‘பிழையறியாப் பெருவீரர்’னு தங்க எழுத்துல போட்டிருக்கு!”

4

குப்பத்துக்குப் போய்க் கங்காதரனைப் பார்த்து, விழாவில் மரியசெல்வம் உண்மையைச் சொல்லப்போவதைச் சொன்னேன்.

“அவரு கால் பட்டது எனக்குத் தெரியாதா சார்? பக்கத்துல கெடந்தவன் நான்தானே. அவருக்கு மூணு கொழந்த. வேலை போயிருந்தா இன்னா பண்ணியிருப்பாரு? நமக்குக் கடலு கீது. விழாவுக்கு வர்றேன். நீங்க வாயைத் தொறந்துடாதீங்க.”

5

முடிவு ஒன்று: மரியசெல்வம் சொல்லிவிடுகிறார். தங்க எழுத்தைச் சுரண்டுவது பற்றி ஆலோசிக்க ஒரு கமிட்டி அமைக்கிறார்கள்.

முடிவு இரண்டு: சொல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார். எல்லோருக்கும் சுண்டல்.

இரண்டையும் கிழித்தேன். பொய்க்குப் பத்திரம் எழுதிய கைக்கு உண்மையின் முடிவை எழுத என்ன உரிமை?

இதோ, மரியசெல்வம் எழுந்து நிற்கிறார். மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வாயைத் திறக்கிறார். கடைசி வரிசையில், துவைத்த சட்டையோடு, கங்காதரன் கைதட்டத் தொடங்குகிறார். நிறுத்தவே இல்லை, நிறுத்தினால் மரியசெல்வம் பேசிவிடுவாரே. விஷயம் தெரியாமல் சபையும் சேர்ந்து தட்டுகிறது. மேடையில் இவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுகிறேன். கைகள் ஓய்ந்ததும் மரியசெல்வம் சொல்லப்போகும் வாக்கியம் உங்களுடையது.