பூனை எடை

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியும் யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த மாதிரிப் படங்களில் கடைசியில் ஒரு துணுக்கை ஒட்டிவைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு இடப்பக்கம் எடைமாயன் படம் போட்ட சட்டைகளில் ஒரு கூட்டம். வலப்பக்கம் ஓர் இளம் ஜோடி, ஒரே பாப்கார்ன் டப்பாவுக்குள் இரண்டு கைகள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, இதோ இப்போது வந்துவிடும் என்று காத்திருந்தேன். துணுக்கு வந்தது. அடுத்த பாகத்து வில்லன் ஒரு கதவைத் திறந்தான். விசில், கைதட்டல், விளக்கு. துடைப்பத்தோடு வந்த பெண் என் காலருகே நின்று, "அவ்வளவுதாம்மா, இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது" என்றாள்.

நான் காத்திருந்த காட்சியை விட்டுவிட்டார்கள்.

எடைமாயன் ஒரு படக்கதை நாயகன். எதைத் தொட்டாலும் அதன் எடையை உறிஞ்சிக்கொள்வான், மலை பஞ்சாகிவிடும். ஆனால் உறிஞ்சிய எடை எங்கும் போகாது, அவன் உடம்பிலேயே தங்கும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஊர் பிழைத்துவிடும். அவன் மட்டும் தரையில் விரிசல் விழ விழ வீட்டுக்கு நடந்து போவான். முகமூடி கிடையாது. கையை மடித்துவிட்ட சாம்பல் நிறச் சட்டை, அவ்வளவுதான்.

பாலம் இடிகிற கதையில் ஒரு காட்சி வரும். பாலத்தின் மொத்த எடையையும் அவன் வாங்கிக்கொள்கிறான். பேருந்தில் இருந்தவர்கள் இறங்கி ஓடுகிறார்கள். ஒரு சிறுமி மட்டும் ஓடாமல் பேருந்தின் படியில் உட்கார்ந்திருக்கிறாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள். இறக்கி வைக்க இடமில்லை, அதுதான் என்கிறான் அவன். கொஞ்சம் என்னிடம் கொடு என்று அவள் மடியைக் காட்டுகிறாள். அவன் யோசித்து, அவளால் தாங்கக்கூடிய அளவு, ஒரு பூனையின் எடையை மட்டும் அவள் மடியில் இறக்கி வைக்கிறான். மடியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கவுன் மட்டும் லேசாகப் பள்ளம் விழும். மஞ்சள் வெளிச்சத்தில் இருவரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள்.

என் மனதில் அந்தச் சிறுமிக்கு ஒரு சடையின் ரிப்பன் அவிழ்ந்திருக்கும். கணவர் தன் துணிகளை எடுத்துக்கொண்டு போன அன்றும், அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்றும், நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவளை நினைத்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆளில்லை என்பது ஒன்று. சொன்னால் சின்னதாகிவிடும் என்பது இன்னொன்று.

எடைமாயன் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. நான் அதில் வெகுகாலமாக இருக்கிறேன், வாயைத் திறந்ததில்லை. படம் வந்த அன்று குழு தீப்பற்றி எரிந்தது. சாம்பல் சட்டைக்குப் பதிலாக நாயகனுக்கு ரப்பர் கவசம் மாட்டியதில்தான் முக்கால்வாசிப் பேருக்கு வயிற்றெரிச்சல். "எடையை எடுக்கறவனுக்கு எதுக்குடா மூட்டைக் கணக்குல ரப்பர்?" என்று ஒருவர். "தலைவா, அது தொப்பையை மறைக்க" என்று இன்னொருவர். படத்தைப் பிடித்திருக்கிறது என்று வெள்ளந்தியாக எழுதிவிட்ட ஒருவரை எல்லோரும் சேர்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வேலையில் உட்கார்ந்து நானும் எழுதினேன். நான் வேலை பார்ப்பது பல் செட் செய்கிற பட்டறையில். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுப்பது ஓர் அண்ணன். அவருக்குப் பெயரே பிளாஸ்டர் அண்ணன்தான். அந்த மாதிரியில் இளஞ்சிவப்பு மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவது நான். நாள் முழுக்க முகமில்லாத வாய்கள் என் முன்னால் திறந்தே இருக்கும். ஒன்றும் பேசாது. மெழுகுக் கத்தி சூடாகும் நேரத்தில் கைப்பேசியை எடுத்து எழுதினேன். "கவசத்தை விடுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில், பேருந்துப் படியில் அந்தச் சிறுமியின் மடியில் பூனை எடையை இறக்கி வைக்கும் காட்சியை எப்படி விட மனசு வந்தது? எடைமாயன் யார் என்பதே அந்த ஒரு பக்கத்தில்தானே இருக்கிறது?"

நாலைந்து பற்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தால் இதயங்கள் குவிந்திருந்தன. "அக்கா, அழ வச்சிட்டீங்க." "அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு அன்னைக்கு முழுக்க நான் சாப்பிடலை." "ஆமா! மஞ்சள் கலர்ல ஒரே ஒரு பெரிய படம். இன்னும் கண்ணுலயே நிக்குது." ஒருவர், "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுச் சுவத்துல ஒட்டியிருந்தேன் சிஸ்டர், அம்மா வெள்ளையடிச்சிட்டாங்க" என்று எழுதியிருந்தார். பூனைப் பக்கத்துக்கு நியாயம் வேண்டும் என்று ஒரு முழக்கம்கூடக் கிளம்பியது.

அந்த இரண்டு நாட்களை எப்படிச் சொல்வது? கடையில் பால் வாங்க நிற்கும்போதும் எனக்குத் துணைக்கு ஆட்கள் நிற்பதுபோல் இருந்தது. நான் தனியாகப் பார்த்த ஓர் இடத்துக்கு இத்தனை பேர் வந்துபோயிருக்கிறார்கள், எங்களுக்குள் சந்திக்கத் தெரியாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், "ரிப்பன் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "மறக்க முடியுமாக்கா" என்றார்.

மூன்றாம் நாள் 'பழைய பேப்பர்' வந்தார். குழுவில் அவருக்கு அதுதான் பெயர். எடைமாயன் இதழ்கள் அத்தனையும் ஒன்று விடாமல் வைத்திருப்பவர். திட்டவில்லை, கிண்டலும் செய்யவில்லை. "மன்னிக்கணும். இரண்டு நாளா எல்லாத்தையும் எடுத்துப் புரட்டிட்டேன். இப்படி ஒரு காட்சி எந்த இதழ்லயும் இல்ல" என்று எழுதி, பாலம் கதையின் பக்கங்களை வரிசையாகப் படமெடுத்துப் போட்டிருந்தார்.

முதலில் பாலம், தூண், அவன் கைகள். என் நினைவில் உள்ளபடியே இருந்தது. பேருந்துகூட இருந்தது. அதிலிருந்து ஓடுகிறவர்கள் இருந்தார்கள். அடுத்த தாளில் சுரங்கப்பாதைக்குள் இரண்டு அடியாட்கள் அவனிடம் உதை வாங்கினார்கள். திருப்பினால், அதன் பின்பக்கத்தில், எனக்கு உயிரான காட்சி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சைக்கிள் விளம்பரம். சிரித்துக்கொண்டே ஒரு பையன் கையை விட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த பக்கத்தில் எடைமாயன் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான்.

அந்தச் சைக்கிளை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ! மீண்டும் குழுவுக்குப் போனபோது சுவரில் ஒட்டியவரைக் காணோம். சாப்பிடாதவரைக் காணோம். என்னோடு சேர்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் எழுதியதை அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். ரிப்பன் ஞாபகமிருக்கிறது என்றவர், "நான் அப்பவே நினைச்சேன், இது உடான்ஸ்னு" என்று புதிதாக எழுதியிருந்தார். கீழே ஒரே சிரிப்பு. "அக்கா, பூனை மியாவ்னு கத்துச்சா?" "சம்பளம் ஏறப்போகுதாம். எங்க போட்டிருக்கு? பூனைப் பக்கத்துல!" என்னை ஏமாற்றுக்காரி என்றவர்களிடம்கூட எனக்குக் கோபம் வரவில்லை. ஆமாம் ஆமாம் என்று கூடவே தலையாட்டியவர்கள்தான் உறுத்தினார்கள். அவர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் இன்றும் தோன்றுகிறது. கூட்டமாக நினைவுகூர்வதில் ஒரு சுகம் இருக்கிறது. எனக்கும் அது இருந்ததே.

"என்னம்மா, பல்லெல்லாம் வரிசை மாறி நிக்குது?" என்றார் பிளாஸ்டர் அண்ணன், என் மேசையைப் பார்த்து. கோரைப்பல் இருக்கவேண்டிய இடத்தில் கடைவாய்ப் பல்லை வைத்திருந்தேன்.

"அண்ணே, நடக்காத ஒண்ணு நடந்த மாதிரி உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கா?"

"ஏன் இல்ல? கல்யாணத்துல நான் சந்தோஷமா இருந்ததா ஞாபகம். போட்டோவைப் பார்த்தா முழிச்சிக்கிட்டு நிக்கறேன்." சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எதுவா இருந்தாலும் வீட்டுல பெரியவங்க யாரையாவது கேளும்மா. உனக்கு யார் இருக்கா?"

அக்கா இருக்கிறாள். ஒரு பகல் நேரப் பயணத் தூரத்தில், திரைச்சீலை தைக்கிற கடை வைத்திருக்கிறாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். அப்பாவுக்குப் பிறகு பேசுவதற்குக் காரணங்கள் குறைந்தன, அவ்வளவுதான். காலை வணக்கம் எழுதிய பூப்படம் ஒன்றை அவள் அனுப்புவாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். எப்போதாவது அழைத்தால், "கொஞ்சம் வேலையா இருக்கேன்டி, நானே கூப்பிடறேன்" என்பாள். கூப்பிட மாட்டாள். நானும் எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

அந்தப் புத்தகத்தை எனக்குப் படித்துச் சொன்னவள் அவள்தான். அப்பா பேருந்து ஓட்டுநர். இருக்கையில் யாரோ விட்டுப்போய், கேட்க ஆள் வராத புத்தகம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாத வயது. அக்கா கட்டிலில் சுவரோரம் சாய்ந்து புத்தகத்தைத் தன் பக்கமாக வைத்துக்கொள்வாள். நான் ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், "தூங்கிட்ட, போ" என்று மூடிவிடுவாள். பாலம் வந்ததும், "இந்தப் பக்கத்துல படம் இல்லடி, வெறும் எழுத்து. கண்ணை மூடிக்கிட்டு கேளு" என்றாள். நான் மூடிக்கொண்டேன். நானே படிக்கப் பழகியபோது வீடு மாறியிருந்தோம், புத்தகம் போய்விட்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டுதான் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தேன் என்பது சைக்கிள் விளம்பரத்தைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை அழைத்தேன். அவளும் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தச் சிறுமி இந்த உலகத்தில் என் தலைக்குள் மட்டும்தான் இருப்பாள். அந்தப் பயத்தில் இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே நிறுத்தினேன்.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?" பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. ஞாயித்துக்கிழமைகூட தைக்கறியா?"

"ஓட்டல் ஆர்டர். இருக்கறது நாலு ஜன்னலா, நாப்பது ஜன்னலா? மாமா வேற வெளியூர்ல. சும்மா உக்காந்து சுவத்தையா பார்க்கறது? சொல்லு."

சொன்னேன். படம், குழு, பழைய பேப்பர், எல்லாம். பூனை எடையைச் சொன்னபோது என் குரல் மாறிவிட்டது. அவள் சிரித்தாள்.

"அந்தக் கிழிஞ்ச புஸ்தகமா? அதுல நடுவுல ஒரு தாள் காணோம்டி. தாள் இல்லன்னு சொன்னா நீ அழுது ஊரைக் கூட்டுவ. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன்."

"நல்லா யோசிச்சுப் பாருக்கா. ஒரு பொண்ணு. பஸ் படியில."

"சத்தியமா ஞாபகம் இல்ல." ஊசி ஓடும் சத்தம். "அந்தத் தாளை முடிச்சா வெளிய விளையாடப் போகலாம்னு நினைச்சிருப்பேன். எனக்குன்னு எங்க நேரம் இருந்துச்சு? நீதான் எப்பவும் இடுப்புல ஒட்டிக்கிட்டே இருப்பியே."

அவ்வளவுதான். எனக்கு ஆயுளுக்கும் வந்தது அவளுக்கு விளையாடப் போகும் வழியில் கீழே விழுந்த ஒன்று. கோபப்பட முடியாது. விழுந்ததை அவள் பார்க்கவே இல்லை. நான் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றேன். அங்கே ஒரு தட்டு, ஒரு தம்ளர், கவிழ்த்துவைத்தபடி இருந்தன.

"ஏய், இருக்கியா?"

"ம்."

"பூனை எடைதானா குடுத்தான்?" என்றாள். "நான் கொஞ்சம் ஜாஸ்தியா குடுத்திருக்கணும் உன்கிட்ட." சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். ஆனால் இயந்திரம் நின்றிருந்தது. அந்தப் பெரிய கடையில் அவளும் தனியாகத்தான் இருக்கிறாள் என்பது அந்த அமைதியில் எனக்குக் கேட்டது.

"அப்புறம் என்ன ஆச்சு, அந்தப் பொண்ணுக்கு?" என்று அவளே கேட்டாள்.

"நீ சொல்லலையே. அம்மா கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்ட."

"அப்ப நீயே சொல்லு. கேக்கறேன்."

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இத்தனை வருடங்களில் அவளை அந்தப் படியிலிருந்து நான் எழுப்பியதே இல்லை. ஆனாலும், தாளில் இருப்பதைப் படிப்பவள் போல, தயங்காமல் ஆரம்பித்தேன். "அந்தப் பொண்ணு மடியைத் தடவிக் குடுத்தா. நிஜமாவே பூனை இருக்கற மாதிரி."

"ம்."

"அப்புறம் அவன்கிட்ட, உன் வீட்டுல யார் இருக்காங்கன்னு கேட்டா."

"ம்." இந்த முறை கொஞ்சம் தாமதமாக வந்தது. "என்ன சொன்னான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் கதவு மணி அடித்தது. யாரோ அளவு பற்றி ஏதோ கேட்டார்கள். "இதோ வரேங்க," என்றாள் அக்கா, வேறு குரலில். பிறகு என்னிடம், அவசரமாக, "ஓட்டல்காரங்க வந்துட்டாங்க. முடிச்சிடாத, என்ன? நானே கூப்பிடறேன்."

அவள் எப்போதும் சொல்வதுதான். கைப்பேசியை மேடைமேல் வைத்தேன். குழுவில் யாரோ, "பூனை அக்கா எங்க, ஓடிட்டாங்களா?" என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுதவில்லை, என் பதிவை அழிக்கவும் இல்லை. அவன் என்ன சொன்னான் என்பது எனக்கு வந்துவிட்டிருந்தது, நாக்கு நுனியில். சொல்லிப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பேருந்துப் படியில் அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.