படிகளின் நடுவே ஒரு கம்பி

மஹய்யாவை மலைச்சரிவில், வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து வீதிக்கு இறங்க அறுபத்திரண்டு படிகள். அவற்றின் நடுவே இரும்புக் குழாயில் கைப்பிடி போட்டவர் வரதராசா ஐயா. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து வீடு போனபின், இங்கே தனியாக அறை எடுத்திருந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். முழங்கால் மடங்காது. நடுவில் போட்டால் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். தட்டை நிலத்துக்காரர். பாடையும் இந்தப் படியால்தான் போகவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு கிழமை கழித்து அன்னலட்சுமிப் பாட்டி செத்தாள். பாடை கம்பியில் முட்டி நின்றது. முன்னால் தோள் கொடுத்தவர் காளிமுத்து மாமா. நகரசபையில் குப்பை அள்ளி ஓய்ந்தவர்.

"ஐயா, பொணம் எப்புடிப் போறது? பறந்தா?"

"நாளைக்கு ஓரத்துக்கு மாத்துவிக்கிறன். இண்டைக்கு மட்டும் சுத்திக் கொண்டு போங்கோவன்."

"எதச் சுத்தி? அந்தப் பக்கம் பள்ளம், இந்தப் பக்கம் கக்கூஸ். ஒங்க அம்மான்னா கக்கூஸ் வழியா தூக்குவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். பாடையை இறக்கிவிட்டு மாமா சீமெந்தைப் பெயர்க்கக் கடப்பாரை போன்ற அலவாங்கு கொண்டுவந்தார். முதல் குத்தில் சீமெந்து தெறித்தது. ஐயா காலை இழுத்து இழுத்து வந்து குழாயைக் கட்டிப்பிடித்தார்.

"இது போனா நான் அறைக்குள்ளயே கிடந்து சாவன், காளிமுத்து!"

"கைய எடுங்க!"

எடுக்கவில்லை. கை தெரியவில்லை என்று மாமா பிறகு சொன்னார். நான் எங்கள் வாசலில் நின்றேன். மாமா கையைப் பார்த்துவிட்டுத்தான் ஓங்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு பேர் குழாயைப் பிடுங்கியபோது ஐயாவும் அதோடு உருண்டார். நெற்றி பிளந்து படியில் இரத்தம் வழிந்தது.

அப்போதுதான் பரிமளம் அத்தை, மாமாவின் மனைவி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். இடுப்பு நோவால் இரண்டு வருடம் வாசல் தாண்டாதவள் என்றுதான் பேர். கையில் விறகுக்கட்டை. மாமாவின் கழுத்தில் அடித்தாள்.

"உசுரோட நான் எறங்குன வழிய பொணத்துக்காக ஒடச்சிட்டியே, பாவி!"

"நீ எறங்குனியா?"

"நீ குடிக்கத் தவறணைக்குப் போன நேரமெல்லாம் எறங்குனேன்! அந்தக் கம்பியப் புடிச்சி!"

அவள் இறங்குவதை நான் கண்டிருந்தேன். முன்னமே சொல்ல வாய் வரவில்லை.

மறுபடி அடித்தாள். மாமா தடுக்கவில்லை.

மாமாவின் இடத்தில் வேறொருவர் தோள் கொடுக்க, பாடை போனது. பிறகு ஐயாவைக் கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். "நானும் வாறேன்" என்று அத்தை மேல்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக இருந்தபடியே நகர்ந்தாள். ஆறாம் படியில் மாமா கையை நீட்டினார். அந்தக் கையை இரத்தம் வரக் கடித்துவிட்டு, அடுத்த படிக்கு இறங்கினாள்.