எறும்புக்கு வைத்த செங்கல்

"அங்கேயே நில்லுங்க மேஸ்திரி. பிள்ளை பெத்த அறை. நாப்பது நாள் கழியாம ஆம்பிளை காலெடுத்து வைக்கக் கூடாது."

"பார்க்காம எப்படிம்மா ரிப்பேர் பண்றது?"

"காதால பாருங்க. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை பூராவும் கேக்குதே, உங்களுக்கு மட்டும் கேக்காதா?"

வாசல் திரைக்கு உள்ளே நின்ற உம்மு சல்மா சொல்லி முடிக்கவில்லை. அறைக்குள் சம்மட்டியால் இரும்பை அடித்தது போல மூன்று அடி விழுந்தது. கூடவே குழந்தை வீறிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

வெளியே நின்ற மாரிச்சாமி ரயில்வே கொட்டகையில் நீராவிக் குழாய் பார்க்கிறவர். மழைக்காலத்தில் துணி உலர்த்துவதற்காக, அந்த வீட்டை முன்பு கட்டின மர வியாபாரி துரை கீழே ஒரு பாய்லரும் மாடியறையில் ஓர் இரும்புச் சூட்டுப்பெட்டியும் வைத்திருந்தான். இப்போது வீடு உம்மு சல்மாவின் மகன் அப்துல் பாரியுடையது. அவர் மனைவி கரீமாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் பிறந்து ஆறு நாள் ஆகிறது. அறை குளிரக் கூடாது, குளிர்ந்தால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெளியே மழை விட்டபாடில்லை.

"போன மாசம் வால்வு மாத்தினது நீங்கதான். அதுக்கு அப்புறம்தான் இந்த அடி. வெடிச்சுத் தொலைக்கும் முன்னாடி நெருப்பை அணைக்கச் சொல்றேன்."

"அணைக்காதீங்க மாமி," கரீமாவின் குரல் வந்தது. "நேத்து கொஞ்ச நேரம் அணைச்சதுக்கே பிள்ளை கால் நீலமாயிருச்சு."

"தங்கச்சி," என்றார் மாரிச்சாமி, "வால்வு எவ்வளவு திறந்திருக்கு?"

"பாதி. சத்தம் குறையட்டும்னு மாமி மூடினாங்க."

"பாதி ஆகாது. ஆவி ஏறுற அதே குழாய்லதான் குளிர்ந்த தண்ணியும் கீழே இறங்கணும். முழுசாத் திறங்க."

திறந்தார்கள். அடி இன்னும் பலமாக விழுந்தது.

"நல்லா இருக்கு உங்க வைத்தியம்," என்றாள் உம்மு சல்மா.

"பாதி காலியான மருந்துக் குப்பி இருக்கா? பெட்டி மேல படுக்க வைங்க. உள்ளே காத்து எந்தப் பக்கம் போய் நிக்குது?"

"வால்வுப் பக்கம்."

"அப்ப அந்தப் பக்கம் மேடு. தண்ணி திரும்ப வழியில்லாம மறு கோடியில தேங்கி நிக்குது. ஆவி அதுல போய் மோதுது. நான் வச்சுட்டுப் போனப்ப வால்வுப் பக்கம்தான் பள்ளம். யாரோ தூக்கியிருக்காங்க."

"இரும்பை யாரு தூக்குவா? உங்க தப்பை எங்க தலையில கட்டாதீங்க."

உள்ளே மறுபடியும் அடி விழுந்தது.

"மாமி," என்றாள் கரீமா மெதுவாக, "அந்த எறும்புத் தட்டு."

"நீ சும்மா இரு."

"பிள்ளை கால் குளிருது மாமி. சொல்லுங்க."

"பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி, அதுக்குத் தச்ச துணியைக் காயப் போட்டா எறும்பு ஏறுச்சு," என்றாள் உம்மு சல்மா திரையைப் பார்த்து. "த்வாண்டே ஊர் மண்தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல செங்கல் வச்சு, கூலியாளை விட்டு வால்வுப் பக்கத்து ரெண்டு காலையும் தூக்கி வச்சேன். மறுபக்கத்துக் கால் சுவரோட இருக்கு, தூக்க வரல. இது தப்பா?"

"எறும்புக்குச் சரிதான். செங்கல்லை எடுக்கணும். அதுக்கு நெருப்பை இழுத்துப் போட்டு, பெட்டி ஆறணும். சூட்டோட அசைச்சு குழாய் மூட்டு விட்டுச்சுன்னா ஆவி பிள்ளை மேல பாயும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

கரீமா சொன்னாள்: "பிள்ளையை என் நெஞ்சோட கட்டிக்கறேன். கீழே அவங்களை நெருப்பை அணைக்கச் சொல்லுங்க."

கீழே அப்துல் பாரி நெருப்பை வெளியே இழுத்துப் போட்டார். வால்வை மூடினார்கள். இரும்பு ஆற ஆற அறையும் ஆறியது. "பிள்ளை கால் எப்படி?" என்று உம்மு சல்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "வெளுத்திருக்கு." மறுபடி கேட்டாள். "நீலம் பிடிக்குது மாமி."

வால்வுப் பக்கத்துக் கால்கள் வாசலை ஒட்டித்தான் இருந்தன. மாரிச்சாமி தரையில் படுத்து, திரைக்குக் கீழே கடப்பாரையை நீட்டினார்.

"நுனியைக் காலுக்கு அடியில பொருத்துங்க. நான் தூக்கிப் பிடிக்கறேன், நீங்க உருவணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க வாய்தான் எனக்குக் கண்ணு."

"கை விட்டுட்டா என் விரல் நாலும் போயிரும்."

"விடமாட்டேன்."

"இவ்வளவு நேரம் உங்களை என்னென்னவோ பேசினேன்."

"அதெல்லாம் பிறகு பேசிக்கலாம். கை உள்ளே போயிருச்சா?"

"போயிருச்சு. தூக்குங்க. இன்னும். நிறுத்துங்க, நிறுத்துங்க. வந்துருச்சு. கை வெளியே இருக்கு, இறக்குங்க."

இரண்டாவது செங்கல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. "என்னம்மா?" கடப்பாரையை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார். "அம்மா, கை எங்கே இருக்கு?"

"உள்ளே. பிடிச்சுக்குங்க."

தட்டு உடைகிற சத்தம் கேட்டது.

"இறக்குங்க."

கீழே மறுபடி நெருப்பு மூண்டது. ஆவி ஏறினதும் வால்வை முழுசாகத் திறந்தாள் உம்மு சல்மா. தேங்கின தண்ணீர் குழாயில் கடகடவென்று இறங்கியது. அடுத்து அடி விழும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். விழவில்லை.

"மேஸ்திரி, சத்தத்தையே காணோம். வேலை செய்யுதா?"

"கை வச்சுப் பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "சுடுது," என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. திரைக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே உம்மு சல்மா கேட்பது காதில் விழுந்தது.

"கால்?"

"இருங்க மாமி."

"கால் என்னாச்சு கரீமா?"

"சிவக்குது."