இரண்டாவது டிஸ்க்

ஃப்ரீசர் பெட்டியின் ஒயரை வெடுக்கென்று பிடுங்கி வேறு ப்ளக்கில் மாட்டினாள் சிநேகா. பந்தல்காரன் அதைப் போயும் போயும் யுபிஎஸ் ப்ளக்கில் சொருகியிருந்தான். ஃப்ரீசர் இழுத்த இழுப்பில் யுபிஎஸ் மூச்சை விட்டது. பக்கத்து அறையில் சர்வரும் படுத்துவிட்டது.

ஃப்ரீசருக்குள் அப்பா ஏசுபாதம். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஓடும் நான்கு ஆம்புலன்ஸ்களுக்கு முதலாளி. நேற்றுவரை அதில் ஒன்றுக்கு டிரைவரும் அவரே. வருகிற போனை எடுத்து, கிட்டே இருக்கும் வண்டியை அனுப்பிவைப்பது சிநேகா கட்டிய அந்த லினக்ஸ் சர்வர்தான். அது படுத்தால் ஆம்புலன்ஸ் நம்பர் ஊமை.

டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். ஆனால் சர்வரை எழுப்பிவிடும் பூட் முதல் டிஸ்கில் மட்டும்தான். கரண்ட் போனதில் செத்ததும் அதே டிஸ்க்தான். இரண்டாவதில் எல்லாம் பத்திரம். எழுந்து நிற்கத்தான் வழியில்லை.

"மிச்சம் கீற டிஸ்குல பூட்ட போட்டு எழுப்பு, போதும்" என்றான் அண்ணன் ஸ்டான்லி. "மத்தியானம் எடுத்துருவாங்க."

"ஒத்தக் கால்ல நிக்கும்ணா. கல்லறைல இருக்கசொல்ல வுழுந்துச்சுன்னா? அந்த பயத்துல நான் இங்கயே காவல் குந்திகினு இருக்கணும். அப்பாவுக்கு மண்ணு போட நான் வர வாணாவா?"

அத்தை காசியம்மாள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "பெத்த அப்பன பொட்டில வெச்சிகினு இன்னாத்தடி நோண்டிகினு கீற?"

"கொஞ்சம் தள்ளு அத்தே. வெளிச்சம் வரல."

பென் டிரைவைச் சொருகி, அதை வைத்து சர்வர் கணினியைத் தற்காலிகமாக எழுப்பினாள். செத்த டிஸ்க் இருந்த இடத்தில், கையிருப்பில் இருந்த புது டிஸ்க். அதன் இடத்தை மூன்றாக வெட்டினாள். சின்னது பூட்டுக்கு. அடுத்தது சிஸ்டத்துக்கு. பெரியது போன் பதிவுகளுக்கு. போன வருடம் பதிவுகள் வழிந்து சிஸ்டத்தின் கழுத்தையே நெரித்தன. இனி நிரம்பினாலும் தன் எல்லைக்குள் நிரம்பட்டும். பிழைத்திருந்த பழைய டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்தாள். சரிபார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள். பிறகு பழையதை அழித்து அதையும் அப்படியே வெட்டிப் புதியதோடு இணைத்தாள். இரண்டிலும் பூட்.

சர்வர் எழுந்தது. ஸ்டான்லி பெருமூச்சு விட்டான். சிநேகா அதை நிறுத்திவிட்டு, புது டிஸ்கின் கேபிளைக் கழற்றினாள்.

"பைத்தியமா உனக்கு? ஓடறத எதுக்குப் புடுங்கற?"

"வுழறதுன்னா நான் பக்கத்துல இருக்கசொல்லயே வுழட்டும்."

பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரை. வெளியே பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். திரையில் ஒரு வரி. இன்னொரு வரி. பிறகு மளமளவென்று எழுத்து மழை. இரண்டாவது டிஸ்க் தனியாளாக நின்று காட்டியது.

"நின்னுச்சு பாரு" என்றாள். ஸ்டான்லி அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான்.

கழற்றிய கேபிளை மாட்டிவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது, சவப்பெட்டி ஏறுவதற்காகச் சம்பங்கி மாலையுடன் நின்றிருந்த ஆம்புலன்ஸில் போன் அலறியது. படாளத்தில் பிரசவ வலி. கிட்டே இருக்கும் வண்டி அதுதான். இன்று அது அப்பாவுக்கு என்று சர்வருக்கு யாரும் சொல்லவில்லை.

டிரைவர் பன்னீர்செல்வம் திருதிருவென்று விழித்தான். "இன்னாக்கா பண்றது?"

"கெளம்பு. அவர நாங்க தூக்கினு போறோம்."

சைரன் தெருமுனை திரும்பியது. மாலை அறுந்து சம்பங்கி வழியெல்லாம் சிதறியது. சவப்பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்தார்கள். முன்பக்கம் ஒரு மூலையில் ஆள் இல்லை. சிநேகா துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு, தோளைக் கொடுத்தாள்.