அறுபதைத் தாண்டாத நாடி

காக்கிப் பேண்டுக்கு மேலேயே, துரைப்பாண்டியின் தொடையில் அட்ரினலின் ஊசியை இறக்கினாள் நர்ஸ் முபஷ்ஷிரா. துணியை விலக்கக்கூட நேரமில்லை.

மூன்று நிமிடத்துக்கு முன்னால் மனிதர் கண் ஆஸ்பத்திரிக் கேமராவில் தாடையை வைத்து நக்கலடித்துக்கொண்டிருந்தார். ராஜபாளையம் ரூட்டில் பிரைவேட் பஸ் ஓட்டுகிறவர். சர்க்கரை அவர் விழித்திரையைத் தின்ன ஆரம்பித்திருந்தது. எங்கே கசிகிறது என்று பார்க்க, கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படமெடுப்பார்கள். நாளை வரைக்கும் ஒண்ணுக்கு மஞ்சளாகப் போகும், பயந்துவிட வேண்டாம் என்று அவள் சொன்னதற்கு, “போகட்டும் தாயீ, நம்ம பஸ்ஸும் மஞ்சக் கலருதான்” என்றார்.

சாயம் ஏறிய அடுத்த நிமிடம் கழுத்தைச் சொறிந்தார். உதடு வீங்கியது. பேச வாயெடுத்தார், விசில்தான் வந்தது.

பக்கத்து அறையிலிருந்து டாக்டர் ஜோஷ்வா ஓடி வந்தார். ஆளைத் தரையில் கிடத்தி, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, ஆக்சிஜன் மாட்டி, சலைனைத் திறந்துவிட்டார்கள். பிரஷர் எழுபது. ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது அட்ரினலின். எழுபது எழுபதாகவே நின்றது.

ஆறு வருடத்தில் முபஷ்ஷிரா இந்த அறையில் வாந்தி பார்த்திருக்கிறாள், தடிப்பு பார்த்திருக்கிறாள், மயக்கமும் பார்த்திருக்கிறாள். அந்த ஊசி போட்டும் எழும்பாத ஆளை இன்றுதான் பார்க்கிறாள்.

வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா, கேட்டாயா என்றார் டாக்டர். கேட்டிருந்தாள். சுகர் மாத்திரை மட்டும் என்று எழுதி அவர் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். தரையில் கிடந்தவரும் கையை அசைத்து, இல்லை என்றார். வாசலில் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியைக் கேட்டாள். பேச்சி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், அவுக சொல்லுததுதான் என்றாள்.

முபஷ்ஷிரா மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள். இவ்வளவு மருந்துக்குக் குதித்து ஓட வேண்டிய நாடி, ஐம்பத்தெட்டு.

“சார், யாரோ பிரேக்க மிதிச்சிட்டே இருக்க மாதிரி இருக்கு. இது பீட்டா பிளாக்கர் சாப்பிடுத ஆளோட நாடி.”

டாக்டர் நிமிர்ந்தார். இதயத்தை இழுத்துப் பிடிக்கிற பிரஷர் மாத்திரை அது. உடம்பில் அது இருந்தால் அட்ரினலின் எடுபடாது. மாற்று ஒன்றுதான்: குளுக்ககான். சர்க்கரை அடியோடு இறங்கியவர்களுக்காக ஃபிரிட்ஜில் ஒரே ஒரு குப்பி இருந்தது.

“நான் நெனச்சது தப்பா இருந்தா, சார்?”

“வாந்தி எடுப்பாரு. போடு.”

மெதுவாக ஏற்றினாள். நாடி அறுபது. அறுபத்தெட்டு. நான்காவது நிமிடம் எண்பது. பிரஷர் தொண்ணூற்றைத் தொட்டது. விசில் அடங்கி, மூச்சு மூச்சாக வந்தது. வெளியே 108 வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் வைத்தே டாக்டர் துரைப்பாண்டியை மாத்திரை விஷயமாக நெருக்கிக் கேட்டார். மனிதர் முபஷ்ஷிராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி சத்தியமா தின்னல தாயீ. போன வருசம் ஒரு டாக்டர் பிரஷர்னு எழுதிக் குடுத்தாரு. வெளிய வந்ததும் சீட்டக் குப்பையில போட்டுட்டேன். ஓனருக்குத் தெரிஞ்சா வண்டிய விட்டு எறக்கிருவான்லா.”

பொய் சொல்கிற முகமில்லை அது. ஆனால் நாடியும் பொய் சொல்லாதே. ஸ்ட்ரெச்சர் நகர்ந்ததும், பேச்சியைத் தோளைப் பிடித்து நடையில் நிறுத்தினாள். திருநெல்வேலியில் பார்க்கப்போகிற டாக்டர் இதைத்தான் முதலில் கேட்பார், தெரியாமல் மருந்து கொடுத்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்றாள்.

பேச்சி, ஆம்புலன்ஸ் கதவு சாத்துகிறவரை காத்திருந்தாள்.

“அவுக காதுல விழாதுல்லா, சிஸ்டர்? அந்தச் சீட்டக் குப்பையிலேர்ந்து எடுத்து வச்சேன். மாசாமாசம் நான்தான் மாத்திர வாங்குதேன். எட்டு மாசமா, தெனம் காலைல கூழுல பொடிச்சுக் கலந்து குடுக்கேன்.”